சிறு கொட்டிலுக்குச் சூரிய மின்சாரம்

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு மின்சாரமின்றி வாழ்தல் புதிதன்று. 1990ஆம் ஆண்டிலே குடாநாட்டின் மின்சாரம் நின்றுபோக, ஒரு தலைமுறை மாணவர் ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சிட்டு, அதிலே மண்ணெண்ணெயை அளந்து விட்டு ஏற்றிய விளக்கின் முன்னிருந்தே பரீட்சைக்குப் படித்தனர். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றித் தைனமோவிற் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு பெரியோர் வானொலிச் செய்தி கேட்டனர். அவருட் பலர் இன்று இம்மலரின் வாசகராய் உளர். மின்சாரம் என்பது ஆளியை அழுத்தினால் எங்கிருந்தோ வருவது மட்டுமன்று, வேண்டுமாயின் வீட்டு முற்றத்திலும் ஆக்கிக்கொள்ளத் தக்கது என்பதை அவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

போர் 2009இல் முடிவுற்றுச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே தேசிய மின்வலையமைப்போடு குடாநாடு மீண்டும் இணைந்தது. எனினும் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்த வேளையிலே, நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலிலே, நாடு முழுவதும் மின்சாரமற்றுப் போயிற்று. கூரையிலே சூரிய மின்தகடுகளைப் பரப்பியிருந்தோர் பலர் அன்று வியப்புற்றனர். உச்சி வெயில் எரித்துக்கொண்டிருந்தது, தகடுகளும் இருந்தன, வீட்டிலோ மின்விசிறி சுழலவில்லை.

இதிலே வியப்பதற்கு ஒன்றுமில்லை. மின்வலையமைப்போடு இணைத்த கூரைத் தகடுகள், வலையமைப்பில் மின் நின்றவுடன் தாமும் நின்றுவிடும்படியே அமைக்கப்படுகின்றன. அறுந்த கம்பியைத் திருத்துவதற்குத் தூணில் ஏறும் தொழிலாளி, மின் இல்லையென நம்பிக் கை வைக்கின்றான். ஒரு வீட்டுக் கூரையிலிருந்து அக்கம்பிக்கு மின் பாயுமாயின் அவனுக்கு உயிராபத்தாகும். ஆதலின் சேமிப்புக்கலமில்லாத கூரை அமைப்பானது பட்டியலைக் குறைக்குமேயன்றி இருளைப் போக்காது. இருளைப் போக்க வேண்டுவது பிறிதோர் அமைப்பு. வலையமைப்பைச் சாராமல், பகலில் ஆக்கிய மின்னைச் சேமித்து இரவிலே தரும் அச்சிறிய அமைப்பினைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

நமது தீவுகள் இத்தகைய அமைப்பையே பெரிய அளவில் நாடுகின்றன. எழுவைதீவிலே சூரிய ஒளி, காற்று, சேமிப்புக்கலம், டீசல் என்னும் நான்கையும் இணைத்த சிறு மின்வலையமைப்பு ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு முன்னரே ஏற்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிற்கும் அத்தகைய அமைப்புக்களை நிறுவுவதற்கு, இந்திய அரசின் 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் நன்கொடையுடன், 2024 மார்ச்சு 1ஆம் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1700 கிலோ உவாற்றுச் சூரிய மின்னும், 530 கிலோ உவாற்றுக் காற்று மின்னும், 2400 கிலோ உவாற்று மணி கொள்ளும் சேமிப்புக்கலமும், துணைக்கு 2500 கிலோ உவாற்று டீசல் இயந்திரமும் அத்திட்டத்தில் அடங்கும். தீவு முழுவதற்கும் பொருந்தும் கணக்கு ஒரு கொட்டிலுக்கும் பொருந்தும். சுழிகள் சில குறையும், அவ்வளவே.

தோட்டத்துக் காவற்கொட்டிலோ, கடற்கரை வாடியோ, வளவின் மூலையிலே பிள்ளை இருந்து படிக்கும் ஓலைக்கொட்டிலோ, நாம் கருதுவது பன்னிரண்டடிக்குப் பத்தடியான ஓர் அறை. அதற்கு வேண்டுவன யாவை? 5 உவாற்று விளக்குகள் மூன்று, ஐந்து மணி நேரத்திற்கு: 75 உவாற்று மணி. வெளியே ஒரு விளக்கு, பத்து மணி நேரத்திற்கு: 50. பன்னிரண்டு உவோற்றில் இயங்கும் 15 உவாற்று விசிறி, எட்டு மணி நேரத்திற்கு: 120. இரண்டு கைத்தொலைபேசிகளுக்கு 40. சிறு வானொலிக்கு 15. ஆகமொத்தம் நாளொன்றுக்கு 300 உவாற்று மணி. வழியிலும் கலத்திலும் வீணாவதைச் சேர்த்து 400 என்று கொள்வோம். இக்கணக்கைத் தாளில் எழுதாமற் கடைக்குச் செல்வோர், கடைக்காரரின் கணக்கிற்கே பணம் கொடுத்து மீள்வர்.

இங்கு இன்வேர்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 12 உவோற்று நேரோட்டத்தை 230 உவோற்று ஆடலோட்டமாக மாற்றும் அக்கருவி இல்லாமல் மின்சாரமே இல்லையெனப் பலர் எண்ணுகின்றனர். விளக்கு ஒன்றும் எரியாதபோதும் அது தன்னை விழிப்பாய் வைத்திருக்க 10 உவாற்று அளவில் உண்ணும். 24 மணி நேரத்தில் அது 240 உவாற்று மணி. நமது கொட்டிலின் முழுத் தேவையும் 300 தான். வேலைக்காரனுக்கு இடும் சோறு வீட்டாருக்கு இடும் சோற்றுக்கு நிகராகிவிடுகிறது. விளக்கும் விசிறியும் தொலைபேசியும் நேரோட்டத்திலேயே இயங்கக்கூடியன ஆதலின், இவ்வளவினதான கொட்டிலுக்கு இன்வேர்ட்டர் வேண்டாம் என்பதே நமது துணிபு.

ஒளியை நேரே மின்னாக்கும் சிலிக்கன் கலத்தை 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் உலகிற்குக் காட்டியபோது, அது தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே மின்னாக்கிற்று. இன்று சந்தையில் விற்கும் தகடுகள் நூற்றுக்கு 20 பங்கிற்கு மேல் ஆக்குகின்றன. குடாநாட்டிலே வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் வருடச் சராசரியைக் கொண்டு கணக்கிடுதல் தவறாகும். பங்குனி வெயில் கார்த்திகை மழையிரவிற்கு உதவாது. வடகீழ்ப் பருவமழைக் காலத்திலே வானம் நாட்கணக்கில் மூடிக்கிடக்கும். ஆதலால் முழுவெயிலுக்கு ஒப்பான நேரம் நாளொன்றுக்கு மூன்று மணி மட்டுமே எனக் கொண்டு, 400ஐ மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 133 உவாற்று வரும். தூசி, சூடு, முதுமை ஆகியவற்றுக்கு இடம் விட்டு 180 உவாற்றுத் தகடு ஒன்று போதும்.

அதனை எங்கே வைப்பது? நமது ஊரில் இவ்வினாவிற்கு விடை சொல்வன பனைகளே. ஒரு தகட்டின் 36 கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடுக்கப்பட்டவை. தோட்டத்து வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் அதற்கப்பாலுள்ள பாத்திகள் யாவும் வறள்வதுபோல, ஒரு கலத்தின்மேல் மட்டை நிழல் விழுந்தாலும் தொடர் முழுவதிலும் ஓட்டம் குன்றும். தகட்டின் பின்புறத்திலுள்ள மாற்றுவழிகள் இக்கேட்டை ஓரளவு குறைக்குமேயன்றி நீக்கா. காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை நிழல் விழாத இடத்தைக் கண்டறிதல் வேண்டும். அது கொட்டிலின் கூரையாகவே அமையவேண்டும் என்பதில்லை. கூரையாயின் தகட்டுக்கும் ஓலைக்குமிடையே காற்றோடும்படி அரையடியேனும் இடைவெளி விடுதல் வேண்டும். நாம் வாழ்வது வட அகலக்கோடு ஒன்பதரைப் பாகைக்குச் சற்று மேலே. ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்டு முடிவு வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கேயும், ஏனைய காலங்களில் தெற்கேயும் நிற்கும். ஒளி குன்றிய மார்கழியையே நாம் கவனிக்க வேண்டுமாதலின், தெற்கு நோக்கிப் பத்து முதல் பதினைந்து பாகை சரித்து வைத்தல் நன்று. அச்சரிவிலே மழைநீர் தூசியையும் காகத்தின் எச்சத்தையும் கழுவிச் செல்லும். 2020 டிசெம்பரில் வந்த புரேவிப் புயலை நினைவிற்கொண்டு, சட்டத்தை மரவளையோடு உறுதியாகப் பிணைத்தலும் வேண்டும்.

இனி நாம் சொல்லவந்த முக்கியமான பொருளுக்கு வருவோம். சிறு சூரிய அமைப்புக்களைக் கெடுப்பது பெரும்பாலும் தகடுமன்று, கலமுமன்று. இடையே ஓடும் கம்பியே. வீட்டு மின்சாரத்திற் பழகிய நமது கை, 230 உவோற்றுக்குப் பொருந்தும் கம்பியை 12 உவோற்றுக்கும் இழுத்துவிடுகிறது. இரண்டிற்குமுள்ள வேறுபாடு யாதெனின், மின்னழுத்தம் குறையுந்தோறும் அதே வலுவைக் கொண்டுசெல்ல ஓட்டம் மிகுதல் வேண்டும். 180 உவாற்றை 230 உவோற்றிற் கொண்டுசெல்ல ஓர் அம்பியருக்குக் குறைவான ஓட்டம் போதும். 18 உவோற்றிலோ 10 அம்பியர் வேண்டும். கம்பி வழியில் இழக்கப்படுவது ஓட்டத்தைப் பொறுத்தது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பனை நிழலுக்கு விலகித் தகட்டைக் கொட்டிலிலிருந்து 10 மீற்றர் தள்ளி நாட்டினோம் என்க. போகவும் மீளவும் கம்பி 20 மீற்றர். குறுக்குவெட்டு ஒன்றரைச் சதுர மில்லிமீற்றரான செப்புக்கம்பிக்கு மீற்றரொன்றுக்குத் தடை 0.0121 ஓம். 20 மீற்றருக்கு 0.242 ஓம்; 10 அம்பியர் ஓடும்போது 2.4 உவோற்று வழியிலேயே போய்விடும். அதே கம்பி, அதே ஓட்டத்தை, 230 உவோற்று வீட்டிலே தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலுக்குக் கொண்டுசென்றால், இழக்கப்படும் அதே 2.4 உவோற்று நூற்றுக்கு ஒரு பங்கே, எவரும் உணரார். நமது கொட்டிலிலோ நிலைமை வேறு.

12 உவோற்றுத் தகடு எனப்படுவது உண்மையிலே 18 உவோற்று அளவிற் சிறந்து வேலை செய்வது. வெயில் ஏற ஏறத் தகடு சூடாகும். சூடேறினால் அதன் மின்னழுத்தம் குறையும். உச்சியிலே தகடு 65 பாகை செல்சியசை எட்டும்போது 18 உவோற்று என்பது பதினைந்தரை அளவாகிவிடும். அதிலிருந்து கம்பி 2.4ஐ எடுத்துக்கொண்டால் கலத்தின் வாயில் வந்து சேர்வது ஏறக்குறைய 13. ஈயக்கலம் நிறைவதற்கோ 14.4 உவோற்று வேண்டும். ஆகவே நாள்தோறும் வெயில் காய்ந்தும் கலம் ஒருநாளும் நிறைவதில்லை. அரைவயிறாய்க் கிடக்கும் ஈயக்கலத்தின் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படியும். ஓரிரு ஆண்டுகளிற் கலம் பயனற்றுப் போகும். வீட்டுக்காரர் பற்றரி விற்றவனை வைவார். மாற்றுக் கலம் வாங்குவார். அதுவும் அவ்வாறே மடியும். குற்றவாளியாகிய கம்பி சுவரிலே அமைதியாய் ஓடிக்கொண்டிருக்கும்.

பரிகாரம் எளிது. அதே தூரத்திற்கு ஆறு சதுர மில்லிமீற்றர்க் கம்பியை இட்டால் இழப்பு 0.6 உவோற்றாகக் குறையும். கம்பியின் விலை ஏறும். ஆயினும் ஒரு கலத்தின் விலைக்கு அது ஈடாகாது. பிறநாடுகளிலிருந்து ஊர்ப்பிள்ளைகளுக்குத் தகடும் கலமும் அனுப்பிவைக்கும் நமது பழைய மாணவ அன்பர்கள், கம்பிக்கும் சிறிது சேர்த்து அனுப்புவாராயின் அவர்கள் அறம் நீடிக்கும்.

தூரம் இன்னும் மிகுதியாயின் வேறொரு வழியுண்டு. தகட்டுக்கும் கலத்துக்குமிடையே நின்று மின்னேற்றத்தை அளவோடு நடத்தும் கருவியை ஒழுங்காக்கி என்போம். கடைகளிலே அதற்குச் ‘சார்ஜ் கொன்ரோலர்’ என்று பெயர். மலிவான வகை, தகட்டைக் கலத்தோடு நேரே பொருத்துவதும் விடுவதுமாகவே இயங்கும். எம்.பி.பி.ரி. எனப்படும் விலைகூடிய வகையோ, மிகுந்த மின்னழுத்தத்தை மிகுந்த ஓட்டமாக மாற்றித் தரவல்லது. அதனை இட்டால், 40 உவோற்றுத் தகட்டிலிருந்து குறைந்த ஓட்டத்திலே மின்னைக் கொண்டுவந்து கலத்தின் அருகில் இறக்கிக்கொள்ளலாம்; மெல்லிய கம்பியும் போதும். ஆயின் மின்னழுத்தம் உயர உயரப் பொறிப்பயமும் உயரும். ஆடலோட்டம் ஒரு செக்கனில் நூறு முறை சுழியைத் தொட்டு மீள்வதாதலின், ஆளியைத் திறக்கும்போது எழும் பொறி தானே அவியும். நேரோட்டத்திற்கு அந்த ஓய்வில்லை. பொறி நீண்டு நின்று எரியும். ஆகவே வீட்டு ஆளிகளைத் தகட்டின் வழியில் இடலாகாது. நேரோட்டத்திற்கென்று குறிக்கப்பட்டவற்றையே இடுதல் வேண்டும்.

எல்லாக் கம்பியும் தடித்திருக்க வேண்டுமென்பது நமது கருத்தன்று. தகடு, ஒழுங்காக்கி, கலம் ஆகிய மூன்றையும் இணைக்கும் வழியே பெருவாய்க்கால். 5 உவாற்று விளக்கிற்கு வேண்டுவது அரை அம்பியருக்கும் குறைவு, விசிறிக்கு ஒன்றேகால். அவற்றிற்கு ஒரு சதுர மில்லிமீற்றர்க் கம்பி தாராளம்.

அடுத்து உருகி. கிடுகும் பனையோலையும் வேய்ந்த கூரையின் கீழ் இதனைப் புறக்கணிப்பவர் தம் குடியிருப்பையே பணயம் வைக்கின்றார். 12 உவோற்று நம்மைத் தாக்காது என்பது உண்மையே. ஆனால் கலத்தின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், 100 அம்பியர் மணிக் கலம் ஆயிரம் அம்பியருக்கு மேலும் ஒரு கணத்திற் பாய்ச்சவல்லது. கம்பி செந்தணலாகும், உறை எரியும், மேலே ஓலை. எலி கடித்த ஒரு கம்பியே இதற்குப் போதும். ஆகவே கலத்தின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள், வேறெதனையும் பொருத்துமுன், 20 அம்பியர் உருகி ஒன்றை இடுதல் வேண்டும். உருகிக்கும் முனைக்குமிடையேயுள்ள கம்பிக்குக் காவல் இல்லையாதலாலேயே அவ்வளவு அண்மை. விளக்குகளுக்குப் பிரியும் மெல்லிய கம்பிகளுக்குத் தனித்தனியே 5 அம்பியர் உருகி இடுக. உருகி காப்பது கம்பியையே, விளக்கையன்று. ஆதலின் கம்பியின் தடிப்பிற்கேற்பவே அதன் அளவைத் தெரிதல் வேண்டும். உருகி அடிக்கடி போகின்றதென்று அவ்விடத்தில் ஆணியை வைப்போர் இன்றும் உளர்!

கலத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வண்டியின் பற்றரி இவ்வேலைக்கு ஆகாது. அது ஒரு கணம் பெருவலுவைத் தந்து உடனே நிறைவதற்கென அமைந்தது. இரவு முழுவதும் சிறிது சிறிதாய் வற்றிப் பழகியதன்று. ஆழ்ந்து வற்றத்தக்க ஈயக்கலமாயினும் பாதிக்கு மேல் வற்றவிடலாகாது. வெயிலின்றி இரண்டு நாள் தாக்குப்பிடிக்க வேண்டுமாயின் 600 உவாற்று மணி வேண்டும். பாதியே எடுக்கலாம் என்பதால் 1200, அதாவது 12 உவோற்றில் 100 அம்பியர் மணி. இதியம் இரும்புப் பொஸ்பேற்றுக் கலமோ ஐந்தில் நான்கு பங்கு வரை வற்றவல்லது. ஆகவே 60 அம்பியர் மணியே அதிற் போதும். அது விலை கூடியதாயினும் ஈயக்கலத்திலும் பன்மடங்கு முறை நிறைந்தும் வற்றியும் உழைக்கும். ஈயக்கலத்தின் ஆயுளைச் சூடு பெரிதும் குறைக்கும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் பாதியாகும் என்பர். நிறையும்போது எரிவாயுவாகிய ஐதரசனையும் அது வெளிவிடும். ஆதலின் நிழலும் காற்றோட்டமுமுள்ள மூலையில் வைத்தல் வேண்டும். கட்டிலின் கீழ் வைத்தல் கூடாது.

பொருத்தும் ஒழுங்கும் முக்கியமானது. முதலிற் கலத்தை ஒழுங்காக்கியோடு இணைத்து, பின்னர்த் தகட்டையும், இறுதியில் விளக்குகளையும் இணைத்தல் வேண்டும். கலத்தைக் கண்டே ஒழுங்காக்கி தான் நடத்தவேண்டிய மின்னழுத்தத்தை அறிகின்றது. தகட்டை முந்தி இணைத்தால் அது பழுதடையவும் கூடும். கழற்றும்போது இவ்வொழுங்கு தலைகீழாகும். நேர்முனை எது, மறைமுனை எது என்பதனைச் சிவப்பும் கறுப்புமான கம்பிகளால் தொடக்கம் முதல் முடிவு வரை வேறுபடுத்துக. பகலில் வேலை செய்வோர் தகட்டைச் சாக்கினாலோ படங்கினாலோ மூடிக்கொள்ளுதல் நன்று. வெயில் படும்வரை தகட்டை நிறுத்துவதற்கு ஆளியில்லை.

கடற்கரை வாடிகளுக்கு ஒரு சிறப்பு விதி. உப்புக்காற்றுச் செம்பைப் பச்சையாக்கும், இரும்பைத் தின்னும். வெறுஞ் செம்பைவிட வெள்ளீயம் பூசிய கம்பி நீடித்து உழைக்கும். முறுக்கிச் சுற்றிய இணைப்புக்கள் அங்கே ஒரு மாரியையும் தாண்டமாட்டா. அழுத்திப் பொருத்திய முனைகளே வேண்டும். அவற்றின்மேல் வாசலீன் பூசிவிடுதல் எளிய காப்பு. தகட்டின் அலுமினியச் சட்டத்திற்குத் துருப்பிடியா உருக்கினாலான ஆணிகளையே இடுக.

எல்லாம் முடிந்தபின், ஒரு தெளிந்த நாளின் நண்பகலிலே, கலம் முற்றும் நிறையாதிருக்கும்போது, சிறு பன்மானி ஒன்றைக் கொண்டு தகட்டின் வாயிலும் ஒழுங்காக்கியின் வாயிலும் மின்னழுத்தத்தை அளந்து பார்க்குக. இரண்டிற்குமிடையே ஓர் உவோற்றுக்கு மேல் வேறுபாடு காணின் கம்பியையோ இணைப்பையோ மாற்றுதல் வேண்டும். ஆண்டுதோறும் ஐப்பசி மழை தொடங்குமுன் இவ்வளவையை ஒருமுறை எடுத்து, கலத்தின் அருகே ஓர் அட்டையிற் குறித்து வைப்பின், அடுத்த ஆண்டு அளப்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.